கடைசித் தடவைக்குப் பிறகுதான் கவனம் வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க்காக மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கொழும்பின் தனியார் வைத்தியசாலைகளிலும் கதிர்ச் சிகிச்சை பெறும் 60 வயது தாண்டிய வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப்போய் வரும் மகள்மாரும் மருமகள்மாரும் எழுதியிருக்கிறார்கள். பலருக்கும் பொதுவான கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 15 தடவை கரண்ட் பிடிக்க வேணும் என்று சொல்லி, மார்பில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கோடு அழியக் கூடாதாம். அப்படியென்றால் மூன்று கிழமையும் குளிக்காமல் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு எனக்கு நாற்பது வருசப் பழக்கம். (68 வயது, வெள்ளவத்தை)

கட்டாயம் குளியுங்கள். கொழும்பு வெக்கையில் குளிக்காமல் இருந்தால் வியர்வை உப்பும் அழுக்கும் மார்பின் அடியிலும் கமக்கட்டிலும் தேங்கி, தோலை இன்னும் கெடுக்கும். வீட்டில் எல்லோரும் ‘கரண்ட்’ என்று சொன்னாலும் மின்சாரம் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. எக்ஸ்ரே மாதிரியான கதிர்தான், அதைவிடப் பல மடங்கு வலுவானது.

தண்ணீர் வெதுவெதுப்பாகவோ சாதாரணக் குளிர்ச்சியாகவோ இருக்கட்டும், சுடக் கூடாது. ஷவரின் வேகம் நேரே மார்பில் அடிக்காமல், முதுகில் விழுந்து வழியும்படி நில்லுங்கள். வாசனை இல்லாத மென்மையான சவர்க்காரத்தைக் கையில் குழைத்து, உள்ளங்கையால் தடவிக் கழுவுங்கள். பீர்க்கங்கூடு, நார், கடலைமா, பயற்றம்மா எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். பிறகு மெல்லிய கொட்டன் துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கோடு மங்கினால் வீட்டில் பேனாவால் திருத்தப் போகாதீர்கள். அரை சென்ரிமீற்றர் விலகினாலும் கதிர் விழும் இடம் விலகும். அடுத்த நாள் போனவுடன் சொன்னால் அவர்களே திரும்பப் போட்டுவிடுவார்கள்.

எண்ணெய் முழுக்கை ஒன்றரை, இரண்டு மாதம் ஒத்திவையுங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் கழுத்து வழியே மார்புக்கு இறங்கும். கோட்டையும் அழிக்கும், கழுவச் சவர்க்காரமும் அதிகம் தேவைப்படும். மஞ்சள், சந்தனம், வேப்பிலை அரைப்பு மூன்றும் காய்ந்தபின் உரசி எடுக்க வேண்டியவை. உரசல்தான் இங்கே முதல் எதிரி. கற்பூரம், மெந்தோல் கலந்த பாம் வகைகளைத் தலையிடிக்கு நெற்றியில் பூசினால் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். மார்புப் பக்கம் போக வேண்டாம்.

பூசுவதற்கு வாசனை இல்லாத சாதாரண ஈரப்பதக் கிறீம் போதும். முதல் நாளிலிருந்தே தினமும் இரண்டு தடவை பூசுங்கள். ஒன்று, சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்து குளித்த பிறகு. மற்றது படுக்கப் போகுமுன். சிகிச்சைக்கு முன் தடிப்பாக அப்பிக்கொண்டு போகாதீர்கள். கதிரின் முழு வலு தோலின் மேற்பரப்பில் இல்லை, சற்று உள்ளே போய்த்தான் சேரும். மேலே தடிப்பாக ஒரு படை இருந்தால் அந்த வலு மேலே ஏறித் தோலிலேயே விழும். மெல்லிய பூச்சால் இந்தப் பிரச்சினை வராது. இருந்தாலும் உங்கள் பிரிவில் என்ன சொல்கிறார்களோ அதன்படி நடங்கள்.

கற்றாழை பற்றி ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும், அது உண்மை. ஆனால் தோல் உரிவதைத் தடுக்கும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. முற்றத்துக் கற்றாழையை வெட்டிப் பூசினால் அதன் மஞ்சள் பால் சிலருக்குக் கடியை உண்டாக்கும்.

கேள்வி: தாலிக்கொடியைக் கழற்றச் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. (71 வயது, கொட்டாஞ்சேனை)

மனம் ஒப்பாதது புரிகிறது. ஆனால் கதிர் விழும் இடத்தில் தங்கம் கிடந்தால், அது கதிரைச் சிதறடித்து, தான் தொட்டிருக்கும் தோலில் மட்டும் கூடுதலாக விழச் செய்யும். பாரமான கொடி நாள் முழுக்க உரசுவது அதற்கு மேல். அறைக்குள் போகும்போது கழற்றி மகளிடம் கொடுத்து, வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளலாம். தோல் கறுக்கத் தொடங்கியபின் அதுவும் வேண்டாம். மஞ்சள் கயிற்றுக்கு மாற்றினாலும், சிகிச்சை நேரத்தில் அதைக் கதிர் விழாத பக்கம் ஒதுக்க வேண்டும். புதுக் கயிறு சொரசொரப்பாக இருக்கும். மடித்த கொட்டன் துணியைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து வந்த கையோடு பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? (63 வயது, தெஹிவளை)

தாராளமாக. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சையில் மெஷினை நிறுத்தியதும் உங்கள் உடம்பில் கதிர் எதுவும் மிஞ்சுவதில்லை. சத்திரசிகிச்சை செய்த பக்கத்துத் தோளில் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: என்னோடு வரும் ஒருவருக்கு 25 தடவை, எனக்கு 15 தான். வயது போனதால் குறைத்துவிட்டார்களா? இன்னொருவர், 70 தாண்டியவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்கிறார். (72 வயது, வத்தளை)

குறைக்கவில்லை, பிரிப்பதில்தான் வித்தியாசம். பழைய முறையில் 50 கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) அளவை 25 தடவையாக, ஐந்து கிழமை கொடுப்பார்கள். இப்போது பலருக்கு 40 கிரேயை 15 தடவையாக, மூன்று கிழமையில் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதால் பலன் ஒன்றேதான். தோல் பாதிப்பு 15 தடவை முறையில் குறைவு என்பது உங்களுக்குச் சாதகம். தெரிந்தெடுத்த சிலருக்கு 26 கிரேயை 5 தடவையில், ஒரே கிழமையில் கொடுக்கும் முறையும் உண்டு. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் மேலதிகமாகச் சில தடவைகள் சேர்ப்பதும் உண்டு.

இரண்டாவது விடயத்தில் அரை உண்மை இருக்கிறது. கட்டியை அகற்றியபின் கதிர் தேவையா என்று பார்த்து 2023இல் வெளியான பிரைம் 2 ஆய்வில் பங்குபற்றியவர்கள் எல்லோரும் 65 வயது நிறைந்தவர்கள். கட்டி 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாதது, கமக்கட்டு நெறிகளில் பரவாதது, ஹோர்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றி, ஹோர்மோன் குளிசை எடுத்தவர்கள். பத்து வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது கதிர் பெற்றவர்களில் 0.9 வீதம், பெறாதவர்களில் 9.5 வீதம். உயிரோடு இருந்தவர்களின் வீதம் இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்த எல்லா நிபந்தனைக்கும் பொருந்தி, குளிசையையும் ஐந்து வருடம் ஒழுங்காக எடுக்கக்கூடியவர் “எனக்கு இது தேவையா?” என்று டொக்டரிடம் கேட்கலாம். நெறியில் பரவியவர்களுக்கு இது பொருந்தாது. தொடங்கிய சிகிச்சையை வாங்கில் கேட்ட கதையை நம்பி நடுவில் நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

கேள்வி: அம்மாவுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்க முடியவில்லை. (மகள், பம்பலப்பிட்டி)

கதிர் விழும் நேரம் சில நிமிடங்கள்தான். ஆனால் இடம் சரிபார்க்கும் நேரமும் சேர்ந்து 10–20 நிமிடம் அப்படியே படுக்க வேண்டும். அரை மணிக்கு முன் பரசிற்றமோல் எடுக்கலாமா என்று கேளுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏறும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை செய்யட்டும். இழுபடலாம், சுள்ளென்று குத்தக் கூடாது. தோல் எரிகிறது என்று கையை உடம்போடு ஒட்டி வைத்தால் தோளும் இறுகும், கமக்கட்டும் அவியும்.

கேள்வி: எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. மார்பு பெரிது, தொங்கலும். 12ஆவது தடவைக்குப் பிறகு அடியில் ஈரமாக, மணமாக இருக்கிறது. பவுடர் போட்டேன், நிற்கவில்லை. வெளியில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. (66 வயது, மட்டக்குளி)

வெட்கத்தால் தள்ளிப்போடாதீர்கள், நாளைக்கே அங்குள்ள மிஸ்ஸிடம் காட்டுங்கள். முதலில் உடையும் இடம் இந்த மடிப்புத்தான். தோலோடு தோல் ஒட்டிக்கிடந்தால், மேலே சொன்ன தடிப்புக் கிறீம் மாதிரியே அது வேலை செய்யும். கதிரின் வலு அங்கே தோலிலேயே விழும். வியர்வையும் உரசலும் சேர, மேல்தோல் கழன்று நீர் கசியும். சீனி வருத்தக்காரருக்கு அதே இடத்தில் பங்கசும் பிடிக்கும். வெள்ளையாகப் படிந்து, மணத்தோடு தாங்க முடியாமல் கடித்தால் பங்கசாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும். பவுடர் ஈரத்தில் களியாகிக் கட்டிப்பட்டு இன்னும் அராவும், நிறுத்துங்கள்.

அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டி உப்பை மட்டமாகப் போட்டு ஆறவிடுங்கள். சுத்தமான துணியை அதில் நனைத்து மடிப்பில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். மிஞ்சிய தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுத்த நாளைக்குப் புதிதாகத் தயாரியுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, கையால் மார்பை மேலே தாங்கி, ஃபேனை மெதுவாக விட்டுக் காயவிடுங்கள். ஹெயர் டிரையர் சூடு வேண்டாம். உடையாத இடத்தில், கழுவிப் பழகிய மெல்லிய கொட்டன் துணி ஒன்றை மடிப்புக்குள் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். உடைந்த இடத்துக்கு ஒட்டாத வகை டிரெசிங்தான் வேண்டும். சாதாரண கோஸை வைத்தால் காய்ந்து ஒட்டி, எடுக்கும்போது புதுத் தோலையும் சேர்த்து உரிக்கும். பிளாஸ்டரை அந்தத் தோலில் ஒட்டவே கூடாது. டிரெசிங் நழுவாமல் ஒரு தளர்ந்த பெனியன் பிடித்துக்கொள்ளும். கம்பி வைத்த பிராவை மூட்டை கட்டி வையுங்கள்.

ஊதாப் பூச்சு மருந்தைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அது தோலைக் காயவைத்து இறுக்கும், நிறத்தால் கீழே என்ன நடக்கிறதென்று பார்க்கவும் முடியாது. 38 பாகைக்கு மேல் காய்ச்சல், மஞ்சள் சீழ், சிவப்போ சூடோ பரவுதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்து ஒன்பது நாள். முடியும்போது ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. இப்போது கறுத்து, எரிந்து, உரியுது. அளவு கூடிப் போய்விட்டதா? (மருமகள், கொள்ளுப்பிட்டி)

அநேகமாக இல்லை. கதிரின் வேலை மெஷினோடு நிற்பதில்லை. தோலின் அடியில் புதிதாக உண்டாகும் படையைத்தான் அது பாதிக்கிறது. மேலே உள்ள பழைய படை உதிர்ந்து, புதியது வந்து சேராமல் இடைவெளி விழும்போதுதான் உரிவு தெரியும். ஆகவே இரண்டாம், மூன்றாம் கிழமையில் தொடங்கி, கடைசித் தடவைக்குப் பின் ஒன்று, இரண்டு கிழமையில் உச்சத்துக்கு வரும். பிறகு நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். கறுப்பு மாற மாதங்கள் எடுக்கும்.

புத்தகங்களில் ‘சிவக்கும்’ என்று எழுதியிருப்பதை எங்கள் நிறத்தில் தேடாதீர்கள். எங்களுக்கு அது கத்தரிப்பூ நிறமாகவோ கடும் கறுப்பாகவோ வரும். புறங்கையால் தொட்டு மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். சூடு, இறுக்கம், மினுக்கம் மூன்றும் நிறத்தைவிட நம்பக்கூடியவை.

கடித்தால் சொறியாமல், ஈரத்துணியால் ஒற்றலாம். ஐஸை நேரே வைக்க வேண்டாம். மொமெட்டசோன் என்ற 0.1 வீத ஸ்டீரொயிட் கிறீமை டொக்டர் எழுதித் தந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மெல்லியதாக. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். உடைந்த தோலில் பூசக் கூடாது. சேலைச் சட்டைக்குப் பதிலாக முன்பக்கம் பட்டன் வைத்த தளர்ந்த கொட்டன் சட்டை போடட்டும். 138 பஸ்ஸில் போய் வருபவர்கள் தோள் பையை மற்றப் பக்கம் மாற்றுங்கள், குடை பிடியுங்கள். அந்த இடத்தில் வெயில் படாமல் ஒரு வருடமாவது மூடிவைக்க வேண்டும்.

கேள்வி: ஒரே நேரத்துக்கு வரும் நாங்கள் நாலு பேர் சிநேகமாகிவிட்டோம். ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம்? இரண்டு பேருக்குச் சிங்களம் தெரியாது. (64 வயது, கிருலப்பனை)

முதலில் பாஷை. நாலு சொல்லைப் பாடமாக்கினால் பாதிக் கஷ்டம் தீரும். நோகுது என்றால் ‘ரிதெனவா’, கடிக்குது என்றால் ‘கஹனவா’, எரியுது என்றால் ‘தனவா’, நீர் வடியுது என்றால் ‘வத்துர கலனவா’. ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் எழுதி மருந்துக் கொப்பிக்குள் வையுங்கள்.

ஒருவரின் கிறீமை மற்றவர் வாங்கிப் பூசாதீர்கள். மருந்துச் சீட்டில் எழுதியது அவருடைய தோலுக்கு. அளவை, கட்டத்தை, பிழைக்கும் சாத்தியத்தை ஒப்பிடும் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கதையை மாற்றுங்கள். எந்தச் சட்டை உரசவில்லை, எந்தக் கடையில் டிரெசிங் கிடைக்கிறது, எத்தனை மணிக்குப் போனால் ஓட்டோ கிடைக்கும் என்பதெல்லாம் தாராளமாகப் பரிமாறலாம். அழுபவரை “அழாதீங்க அக்கா” என்று உடனே அடக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு கிழமை போனால், டொக்டரிடம் சொல்லும்படி கையோடு கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, முடித்துப் போனவருக்கு எடுக்கும் தொலைபேசி. தினமும் ஒரு மிஸ் பார்த்த தோலை, அது மோசமாகும் நாட்களில் யாரும் பார்ப்பதில்லை. முடிந்து 3ஆம், 7ஆம், 10ஆம், 14ஆம் நாட்களில் யார் எடுப்பது என்று நாலு பேரும் இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். “எப்படி இருக்கிறீங்க?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: கைக்கண்ணாடி பிடித்து அடி மடிப்பைப் பார்த்தீங்களா? சட்டையில் நீர் பட்டிருக்கா? இராத்திரி எத்தனை தரம் எழும்பினீங்க? காய்ச்சல் பார்த்தீங்களா?