கடல் பச்சையாகிவிட்டது, மீன் லோடு எடுக்கலாமா?

கேள்வி: தருமபுரியில் கடல் மீன் கடை வைத்திருக்கிறேன். மண்டபத்திலிருந்து சரக்கு வருகிறது. "தண்ணி பச்சையா கெடக்கு, செத்த மீன் ஒதுங்குது, வெயில்தான் காரணம்" என்கிறார் அங்குள்ள ஏஜென்ட். லோடு எடுக்கலாமா?

பதில்: ஆழத்துக்குப் போய் உயிரோடு பிடித்து வந்த மீனை எடுக்கலாம். கரை ஒதுங்கியதைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள். மட்டி, ஆளி, சிப்பி வகைகளை மட்டும் நிறுத்திவையுங்கள்.

கடல் நிறம் மாறுவது பாசி போன்ற நுண்ணுயிர்கள் பெருகுவதால். அதற்கு வெயில்தான் காரணம் என்பது பாதி உண்மை. மேல் தண்ணீர் சூடேறினால் லேசாகி, கீழே உள்ள குளிர்ந்த தண்ணீரின் மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். ஆகவே வெறும் சூட்டில் பெரும்பாலான பாசிக்குப் பட்டினிதான். ட்ரைக்கோடெஸ்மியம் என்ற பாசி மட்டும் விதிவிலக்கு. தனக்கு வேண்டிய நைட்ரஜன் சத்தை அதுவே தண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து தயாரித்துக்கொள்ளும். அதனால்தான் காற்றில்லாத கோடையில், மரத்தூள் கொட்டினதுபோல் பழுப்புப் பட்டையாக மிதக்கும்.

உங்கள் ஏஜென்ட் சொல்லும் பச்சை அநேகமாக நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அந்தப் பக்கம் பூங்கோரை என்பார்கள். தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கி அடியிலுள்ள சத்தை மேலே கொண்டுவரும். காற்று ஓய்ந்து தண்ணீர் சூடேறும்போது இது பெருகும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையானது இதனால்தான். குளிர் ஊட்டுகிறது, சூடு பெருக்குகிறது. இரண்டும் அடுத்தடுத்து வரவேண்டும்.

ஏஜென்டிடம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நாக்டிலூகா என்றால் சற்று நேரத்தில் மேலே பச்சை ஏடு கட்டும், கீழே தண்ணீர் தெளியும். உற்றுப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் அளவில் ஜவ்வரிசி போன்ற உருண்டைகள் தெரியும். உடலில் அம்மோனியா சேர்த்து வைத்திருப்பதால்தான் அது மிதக்கிறது.

இது மனிதனைக் கொல்லும் விஷம் சுரப்பதில்லை. மீன் சாவது மூச்சுத் திணறித்தான்: இரவில் இந்தக் கூட்டம் ஆக்சிஜனை உறிஞ்சும், செத்து அழுகும்போது மிச்சத்தையும் தின்றுவிடும், செவுளையும் அடைக்கும். பாரில் (கடலடிப் பாறைகளில்) ஒண்டிக் கிடக்கும் மீன்கள் ஓட வழியில்லாமல் முதலில் மாட்டும்.

பிறகு ஏன் ஒதுங்கிய மீன் வேண்டாம்? செத்து எத்தனை மணி நேரமானது என்று யாருக்கும் தெரியாது. சூரை, மத்தி, கானாங்கெளுத்தியில் ஐஸ் இல்லாமல் கிடந்த நேரத்தில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஏறும். அது கொதித்தாலும் பொரித்தாலும் போகாது. நல்ல சரக்குக்கும் தொப்பூர் கணவாய் ஏறி வந்து சேரும்வரை மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். இங்கே பெட்டியைத் திறந்ததும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். பச்சைக் கொழகொழப்போ பழுப்போ இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சிப்பி வகையில்தான் நிஜமான ஆபத்து. சில பாசிகளின் நரம்பு விஷம் அவற்றின் சதையில் சேரும். அதற்குத் தண்ணீர் நிறம் மாறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சமைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. 1981இல் தமிழகத்தில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; 3 பேர் இறந்தார்கள். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 7 பேர் இறந்தார்கள். அதனால் கடல் தெளிந்த பிறகும் சில வாரம் பொறுத்தே சிப்பி வாங்குங்கள். சாப்பிட்டவருக்கு உதடு, நாக்கு மரத்துப்போனால் மோர், எலுமிச்சை என்று நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முறிவு மருந்து கிடையாது, மூச்சுக்குத் துணை கொடுத்துத்தான் காப்பாற்றுவார்கள்.

நெத்திலி, மத்தி போன்றவை பாசியையும் தின்பதால் விஷம் குடலில் தங்கும். பச்சைத் தண்ணீர்க் காலத்தில் குடல் எடுத்தே விற்கவும். நண்டுக்கும் மஞ்சளான உள்பாகத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். 2015இல் அமெரிக்க மேற்குக் கரையில் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி வேறொரு விஷப் பாசி பெருகியபோது, நண்டுப் பிடிப்பையே தள்ளிவைத்தார்கள்.

ஐதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் 2022 முதல் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கத் தகவல் தருகிறது. மன்னார் வளைகுடாவும் அதில் உண்டு. மேகம் மூடினால் படம் கிடைக்காது, விஷம் உண்டா இல்லையா என்றும் அது சொல்லாது. லோடு சொல்வதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு, "காற்று எழும்பிடுச்சா?" என்று ஏஜென்டிடமும் கேளுங்கள். அலை புரண்டால் இந்த ஏடு கலைந்துவிடும்.

ஒகேனக்கல் ஆற்று மீனுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். மேலே சொன்ன பாசிகள் உப்புத் தண்ணீர் உயிர்கள்.