ஆபீஸ் விருந்துக்கு எந்த கேட்டரர்?

கேள்வி: ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் 150 பேருக்குச் சைவச் சாப்பாடு. மூன்று கேட்டரர்கள் விலை சொல்லியிருக்கிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணை, அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேளுங்கள். தர மழுப்பினால் அவர் வேண்டாம்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: சமையல் எங்கே, எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்குவார்கள்? காலை 8 மணிக்கே கிளறிய சாம்பார் சாதம் 1 மணிக்குள் இறுகிவிடும், சோறு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 11 மணிக்கு மேல் இறக்கி, இளக்கமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். தயிர் சாதத்தில் பால் கூடுதலாகவும் தயிர் குறைவாகவும் இருந்தால் சீக்கிரம் புளிக்காது. சூடான பண்டங்கள் பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது; அதற்கான ஹாட்பாக்ஸ் அவரிடம் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

மாதிரிக்கு அனுப்பும் சாப்பாடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அவர் 100 பேருக்குமேல் சமைக்கும் விசேஷம் ஒன்றில் ருசி பார்ப்பதே சரி.

150 பேருக்கு ஒரு பஃபே வரிசை போதாது, இரண்டு வேண்டும். வண்டி வாடகை, ஜி.எஸ்.டி., தண்ணீர் பாட்டில், பரிமாறும் ஆட்கள் எல்லாம் விலையில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். உறுதி எண்ணிக்கையாக 135 மட்டும் கொடுங்கள். மிச்சம் 15 சாப்பாட்டை, சாப்பிட்டால் மட்டும் கணக்கில் சேர்க்கட்டும்.