மூன்றில் ஒரு பங்கு குதிரை

கே: 1870-ல் பிரான்ஸை மண்டியிட வைத்த ஜெர்மன் தளபதி மோல்ட்கே, குதிரையேறி வாள் சுழற்றிய மாவீரர் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். அவரைப் பற்றி நாலு வரி எழுதுங்களேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

ப: குதிரை என்றீர்களே, முதலில் அதைப் பேசுவோம். 1832-ல் பெர்லினில் பிரஷ்யாவின் (பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த அரசு) ஜெனரல் ஸ்டாஃபில், அதாவது போர்த்திட்டம் வகுக்கும் தலைமை அலுவலகத்தில், சேர்ந்த ஹெல்முத் ஃபான் மோல்ட்கேவிடம் குதிரை வாங்கக் காசில்லை. பிரபு வம்சம்தான், பெட்டிதான் காலி. என்ன செய்தார்? ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டார்! ஒன்றரை வருஷத்தில் பன்னிரண்டு பாகங்களில் ஒன்பதை முடித்தும் விட்டார். புத்தகம் வரவில்லை. பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது.

மூன்றில் ஒரு பங்கு பணத்துக்குக் குதிரையில் எந்தப் பங்கைத் தருவார்கள்? தலைப்பக்கம் என்றால் வேளாவேளைக்குக் கொள்ளு கேட்கும், நகராது. நடுப்பக்கம் என்றால் சேணம் போட்டு உட்காரலாம், ஊர் போய்ச் சேர முடியாது. வால்பக்கம் என்றால் லத்தி அள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது கடைசிப் பங்குதான். என் மொழிபெயர்ப்பு ஒன்றை இரண்டு பதிப்பு போட்டு விற்ற புண்ணியவான் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். புத்தகக் கண்காட்சியில் என்னைக் கண்டதும் எந்த ஸ்டாலில் ஒருவர் பேனா தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிகிறாரோ, அவர்தான்.

சரி, நீங்கள் கேட்ட நாலு வரி. 1800-ல் வட ஜெர்மனியின் பார்ஹிம் ஊரில் பிறந்தார். ராணுவப் படிப்பு கோபன்ஹேகனில், முதல் உத்தியோகம் டென்மார்க் படையில். 1822-ல் பிரஷ்யாவுக்கு மாறினார். 1864-ல் அதே டென்மார்க்கோடு போர், இவர் எதிர்த்தரப்பில். செஞ்சோற்றுக்கடன் கர்ணனோடு போயிற்று. நடுவில் துருக்கி சுல்தானின் படைக்கு ஆலோசகராகப் போனார். 1839-ல் நிசிப்பில் எகிப்துப் படை நெருங்கியபோது, அரண் உள்ள இடத்துக்குப் பின்வாங்கச் சொன்னார். துருக்கித் தளபதியான பாஷா முல்லாக்களைக் கேட்டார், அவர்கள் கூடாது என்றார்கள். தோற்றார்கள். ஆலோசகர் உத்தியோகத்தின் லட்சணம் எங்கேயும் அதுதான்!

உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். 1857-ல் ஜெனரல் ஸ்டாஃபின் தலைமைப் பொறுப்புக்கு வரும்வரை இந்த மாவீரர் ஒரு கம்பெனி அளவுச் சிறு படைப்பிரிவைக்கூட நடத்திப் போனவரில்லை. வாளைவிட அவருக்கு வரைபடமும் ரயில் அட்டவணையும்தான் பிடிக்கும். ஹம்பர்க்–பெர்லின் ரயில் கம்பெனியில் இயக்குநராகவே இருந்தவர். 1866-ல் ஆஸ்திரியாவுடன் போர் வந்தது. ஆஸ்திரியர்கள் ஒரே ஒரு ரயில் பாதையை நம்பியிருக்க, இவர் ஐந்து பாதைகளில் படையை இறக்கினார். அப்போதும் அந்தப் போரின் முடிவைத் தீர்மானித்த கோனிக்ரேட்ஸ் களத்தில், இவர் அனுப்பிய உத்தரவைப் படித்த ஒரு டிவிஷன் தளபதி, "உத்தரவெல்லாம் சரி, யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டாராம். சாயங்காலத்துக்குள் ஐரோப்பாவுக்கே தெரிந்துவிட்டது. நான்கு வருஷம் கழித்து செடானில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியே கைதி.

ஏழு மொழிகளில் மௌனமாக இருக்கத் தெரிந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1889-ல் எடிசனின் ஆள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நின்றபோதுதான் வாய் திறந்து ஷேக்ஸ்பியர் வரிகளும் ஜெர்மன் கவி கதேயின் வரிகளும் சொன்னார். அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. நம் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போகிறவர்கள் ஏழு வேண்டாம், ஒரே ஒரு மொழியில் முயன்று பார்க்கலாம்.