மேற்படிப்புக்கு அரசாங்கப் பணம்: எது உதவி, எது கடன்?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததிலிருந்து ஒரே கேள்வி மழை. கோலாலம்பூர்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து ஓர் அம்மா: நாங்கள் எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி வாங்கும் குடும்பம். மகனுக்கு பி.டி.பி.டி.என். கிடைத்தால் திருப்பிக் கட்ட வேண்டாம்தானே, அக்கா?

கட்டத்தான் வேண்டும், அம்மா. பி.டி.பி.டி.என். என்பது உயர்கல்விக்கு அரசாங்க நிதி நிறுவனம் தரும் கடன். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு. படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துக் கட்டத் தொடங்க வேண்டும். எஸ்.டி.ஆர். வாங்குவதால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், அந்தப் படிப்புக்கு உரிய உச்சத் தொகையைக் கேட்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், பதிவுச் செலவுக்கு 1,500 ரிங்கிட் முன்பணமும் கேட்கலாம். அதுவும் இனாம் இல்லை, பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். மகன் முதல் வகுப்பில் பட்டம் பெற்றால் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதன் நிபந்தனைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கெப்போங்கிலிருந்து ஒரு தம்பி: அப்படியானால் உதவி என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது, தம்பி. ரொக்கமாகக் கைக்கு வராததால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. தொழில்நுட்பக் கல்வி தரும் பொலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 ரிங்கிட்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷனில் படிக்கும்போது மாதம் 250 ரிங்கிட் உதவித்தொகை. இவற்றை "வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம்" என்று நம் வீடுகளில் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனம் வலிக்கிறது. பணம் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பெரிய கைகொடுப்பு வேறு கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடாதே.

பிரிக்ஃபீல்ட்ஸ் அப்பா: தனியார் கல்லூரி ஏஜெண்ட் "கையிலிருந்து ஒரு காசும் வேண்டாம், எல்லாம் லோன் பார்த்துக்கொள்ளும்" என்கிறார். நம்பலாமா?

கையெழுத்துப் போடாதீர்கள், ஐயா, கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் ஒருவர் இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மாதக் கட்டணம். மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம். கால்குலேட்டரில் இரண்டு பேரும் கூட்டிப் பார்த்தோம். கிடைக்கக்கூடிய கடனைத் தாண்டி, ஒவ்வோர் ஆண்டும் பல ஆயிரம் அவர் தலையில்தான் விழும். மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நீங்கள் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடுங்கள், ஏஜெண்ட் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். அப்புறம், முழுப் படிப்புக்கும் ஆகும் மொத்தச் செலவைக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓர் அக்கா: என் தங்கைக்குக் காது கேட்காது. அவளுக்குத் தனி உதவி உண்டா?

உண்டு, இது திருப்பிக் கட்ட வேண்டாத உதவி. உயர்கல்வி அமைச்சின் மாற்றுத்திறனாளி மாணவர் திட்டத்தில் ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் வரை கட்டணமும் மாதம் 300 ரிங்கிட் உதவித்தொகையும் தருகிறார்கள். சமூகநலத் துறை தரும் ஓ.கே.யு. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, அவசியம். அவளிடம் அட்டை இல்லையென்றால் நாளைக்கே அதற்கு எழுதிப் போடுங்கள்.

லோரி ஓட்டும் அண்ணன்: எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வருமானத்தை எப்படிக் காட்டுவது?

பரவாயில்லை, அண்ணே. வருமான உறுதிப் பாரம் இருக்கிறது. யார் கையெழுத்திடலாம் என்பது அதிலேயே போட்டிருக்கும். பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கும் திறந்துவிடுங்கள், அது இல்லாமல் பி.டி.பி.டி.என். விண்ணப்பம் நகராது. 20 ரிங்கிட் போதும். வங்கிக் கணக்கில் பிள்ளையின் பெயர் மைகார்டில் (அடையாள அட்டையில்) உள்ளபடியே இருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள்.