தன்பாலீர்ப்பை வீட்டில் சொன்னபின் சிலர் குடிக்குப் போவது ஏன்?

‘கமிங் அவுட்’ என்றால், என் பாலினத்தவர் மேல்தான் எனக்கு ஈர்ப்பு என்று ஒருவர் தன் வாயால் சொல்வது. ஒரு தடவையோடு முடியாது; வீடு, வேலை, புது நண்பர் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கூட்டத்தில் பர்ஸைப் பொத்திக்கொண்டே நடந்திருப்பீர்கள், கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் கை மரத்துப்போகும், சாமியைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதையே வருஷம் முழுக்கச் செய்தால்? ஈர்ப்பை வெளியே சொல்லாமல் மறைப்பவருக்கு அப்படித்தான்: குரல், நடை, போன் திரை என எல்லாவற்றையும் பொத்தும் அலுப்பு, கூடவே பயம், ஏச்சு. இதைத்தான் ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்று உளவியல் ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விரிவாக எழுதினார்.

சொன்னதும் கை லேசாகும், சரி. ஆனால் அம்மா அழுது, அப்பா பேச்சை நிறுத்தி, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்” என்று மாமா வந்து உட்கார்ந்தால், அந்த ராத்திரிக்குக் குவார்ட்டர் பாட்டில் மருந்து மாதிரி தெரியும். சில மணி நேரம் பதற்றத்தை அமுக்கும். போதை இறங்கினால் பழையபடி ஏறி நிற்கும். என்னைக் கேட்டால், முதலில் அப்பாவிடம் போவதைவிடச் சித்தி மகளிடம் சொல்லிப் பார்க்கலாம். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

‘அப்படி’ இருப்பதால்தான் குடிக்கிறான் என்பது தப்பு: 2009இல் வந்த அமெரிக்க ஆய்வில், தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களில் குடும்பம் அதிகம் ஒதுக்கியவர்களிடம்தான் போதைப்பொருள் பழக்கம் கூடுதலாக இருந்தது.