தலைமைப் பயிற்றுநர் எப்போது வழிவிட வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண்கள் கைப்பந்து அணிக்கு 27 ஆண்டுகளாகத் தலைமைப் பயிற்றுநராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எனக்கு வயது 64. உடம்பு நன்றாகவே இருக்கிறது. அணி இப்போதும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுகிறது. முதலாம் ஆண்டுப் பெண்கள் நான்கு பேர் தொடக்க வரிசையிலேயே ஆடுகிறார்கள். என்னிடம் உள்ள உதவிப் பயிற்றுநர்கள் இருவருமே தனியாக ஓர் அணியை நடத்தக்கூடியவர்கள். வழிவிடும் நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

வயதையும் வெற்றிக் கணக்கையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆண்கள் அணியின் பயிற்றுநர் ஆல் ஸ்கேட்ஸ் தம் 19ஆவது தேசியப் பட்டத்தை 2006இல் வென்றபோது அவருக்கு 66 வயது. ஆகவே 64 என்பது போவதற்குக் காரணம் ஆகாது. ஸ்டான்ஃபோர்டு பெண்கள் அணியின் பயிற்றுநர் ஜான் டன்னிங் 2016 டிசம்பரில் பட்டம் வென்று, அடுத்த மாதமே ஓய்வு பெற்றார். ஜெயித்துக்கொண்டிருப்பது இருப்பதற்குக் காரணமும் ஆகாது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் ஆட்சேர்ப்பு. பத்தாம் வகுப்பை முடித்த மாணவியோடு ஜூன் 15 முதல் நேரடியாகப் பேச விதி அனுமதிக்கிறது. அவளுக்குப் பள்ளியில் இன்னும் இரண்டு வருடம், கல்லூரியில் நான்கு வருடம். அதாவது நீங்கள் இன்று பேசும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு வருட வாக்கு கொடுக்கிறீர்கள். "நாலு வருஷமும் நீங்கள்தானே பயிற்சி கொடுப்பீர்கள்?" என்று அவள் அம்மா கேட்பார். யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் தாராளமாக இருங்கள். "யார் இருந்தாலும் இந்த அணி இப்படியேதான் இருக்கும்" என்று சுற்றிவளைத்துப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தால், உங்கள் மனம் முடிவு செய்துவிட்டது. போட்டி அணிக்காரர்களும் சும்மா இருக்க மாட்டார்கள், "அவர் சீக்கிரம் போய்விடுவார்" என்று அதே வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, பயிற்சிக்கூடத்தில் ஒரு வாரம் வெளியாள்போல நின்று கவனியுங்கள். டைம் அவுட் எடுத்ததும் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை ஏற்றிக் கொடுப்பவள்) முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாள்? பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பெண் யாரிடம் போய் அழுகிறாள்? எதிரணி ஆட்டத்தின் வீடியோவை நீங்கள் கடைசியாக முழுதாகப் பார்த்தது எப்போது? மூன்றுக்கும் விடை உதவிப் பயிற்றுநர் பக்கமே சாய்ந்தால், வேலை ஏற்கெனவே கை மாறிவிட்டது, பதவி மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

வேலையும் முன்போல இல்லை. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அணிக்கு 12 கல்வி உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், அணிக்கு 18 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. டிசம்பர் வந்தால் யார் இருப்பார்கள், யார் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவார்கள் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. உங்களுக்குப் பிடித்தது மைதான வேலை மட்டும்தான் என்றால் அதை நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி, எந்த வருடம் போவது? பலர் "இந்தக் கடைசி வருடப் பிள்ளைகளோடு நானும் கிளம்புகிறேன்" என்று நினைப்பார்கள். அந்தப் பாசம் புரிகிறது, ஆனால் அடுத்து வருபவருக்குக் காலி வீடுதான் மிஞ்சும். டன்னிங் விட்டுப்போன அணியில் கேத்ரின் பிளம்மர், ஜென்னா கிரே, மார்கன் ஹென்ட்ஸ் மூவரும் அப்போதுதான் முதலாம் ஆண்டு ஆடி முடித்திருந்தார்கள். அவர்களை வைத்து, அடுத்து வந்த கெவின் ஹாம்ப்ளி 2018, 2019 இரண்டு பட்டங்களையும் வென்றார். நானும் இதில் தவறியவன். கடைசி வருடத்தில் இருந்த ஒரு கூட்டத்துக்காக ஒரு வருடம் கூடுதலாக இருந்தேன். அதற்குள் என் இடத்துக்கு வந்திருக்க வேண்டிய உதவிப் பயிற்றுநர் வேறு அணிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஆள் இல்லாத அணியோடு திண்டாடினார், மீதமிருந்த பெண்கள் அந்த வருடம் பட்ட பாடு இன்றும் எனக்கு உறுத்துகிறது. உங்களிடம் முதலாம் ஆண்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பருவம் முடிந்ததும் ஒப்படையுங்கள் என்கிறேன்.

விளையாட்டுத் துறை இயக்குநரிடம் கோடையிலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள். வெளியே ஜனவரியில் சொல்லலாம். டிசம்பரில் பருவம் முடிகிறது, ஜனவரியில் புதியவர்கள் சேர்கிறார்கள், அப்புறம் வசந்தகாலப் பயிற்சி. தலைமைப் பயிற்றுநர் மாறினால் அணி மாற விரும்பும் பெண்களுக்குத் தனி அவகாசம் உண்டு என்பதால், நாற்காலி காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. நெப்ராஸ்காவின் ஜான் குக் 2025 ஜனவரி 29 அன்று ஓய்வை அறிவித்தபோது, அவர் இடத்துக்கு டேனி பஸ்பூம் கெல்லியை நியமிப்பதில் தாமதமே இல்லை. 2006இல் குக்கின் பட்டம் வென்ற அணியில் ஆடியவர் அவர், லூயிவில் அணியை இரண்டு முறை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றவர்.

உதவிப் பயிற்றுநர்கள் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இருவரில் யாருக்கும் வாக்கு கொடுக்காதீர்கள். நியமிப்பது இயக்குநரின் உரிமை. உங்களால் முடிந்தது, அவர்கள் தலைமை வேலை செய்வதை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது. வசந்தகாலப் பயிற்சியில் பாதியை ஒருவரும் மீதியை இன்னொருவரும் வரிசை போடுவது முதல் டைம் அவுட் வரை முழுதாக நடத்தட்டும். பெற்றோரிடமும் அவர்களே பேசட்டும். பென் ஸ்டேட்டில் 43 பருவங்கள் இருந்த ரஸ் ரோஸ், கேட்டி ஷுமாக்கர்-காலியை 2018இல் பயிற்சிக் குழுவுக்குக் கொண்டுவந்தார். அவர் ரோஸிடம் ஆடி 1999இல் பட்டம் வென்றவர், இன்னோர் அணியைத் தலைமையேற்று நடத்தியும் இருந்தார். 2022இல் பொறுப்பேற்று 2024இல் பட்டம் வென்றார். கல்லூரி விளையாட்டின் உச்சநிலையான முதல் பிரிவில் பெண்கள் கைப்பந்துப் பட்டத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்றுநர் அவர்தான். உங்கள் இருவரில் ஒருவருக்கு வெளியே தலைமைப் பதவி கிடைத்தால் தடுக்காதீர்கள். குக்கும் முன்பு நெப்ராஸ்காவில் உதவியாளராக இருந்து, விஸ்கான்சினுக்குத் தலைமை ஏற்கப் போனவர்தான். திரும்பி வந்து 1999இல் அப்போதைய தலைமைப் பயிற்றுநர் டெர்ரி பெட்டிட்டோடு ஒரே ஒரு பருவம் இருந்தார். 2000இல் அணி அவர் கையில் 34 ஆட்டங்களிலும் தோற்காமல் பட்டம் வென்றது. கூட நிற்க ஒரு பருவம் போதும்.

பதவி கிடைக்காத மற்றவரிடம் செய்தியை நீங்களே நேரில் சொல்லுங்கள். அவருக்காக நான்கு இயக்குநர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள், 27 வருடப் பெயரை அதற்குச் செலவழிக்கலாம்.

விலகிய முதல் வருடம் பயிற்சிக்கூடத்துப் பக்கம் போகாதீர்கள், புதியவர் கூப்பிட்டால் தவிர. முதல் தோல்விக்குப் பிறகு உங்கள் செட்டர் கட்டாயம் போன் செய்வாள். படிப்பைக் கேளுங்கள், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "நாளைக்குக் காலையில் உன் பயிற்றுநரிடம் போய்க் கேள்" என்று சொல்லிவிடுங்கள்.