ஏழு பேரோடு ஏற்காடு ஏற எந்த இன்ஜின்?

வணக்கம் அண்ணா,

அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2014 ரெனோ டஸ்டர், 110 குதிரைத்திறன் டீசல். அப்பா, அம்மா, அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று வீட்டில் ஏழு பேர். நாகலூரில் கொஞ்சம் காபியும் மிளகும் இருப்பதால் மாதத்தில் ஒன்றிரண்டு முறையாவது எல்லோரும் மலையேறுவோம், அதுவும் இரண்டு வண்டியில். புது டஸ்டரை அடிப்படையாக வைத்து ரெனோவும் நிசானும் மூன்று வரிசை இருக்கை கொண்ட எஸ்யூவி கொண்டுவரப் போகிறார்களாம். அதற்காகவே காத்திருக்கிறேன். ஆனால் இன்ஜின் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டீசல் வரும் என்கிறார் ஒருவர். 1,500 சிசி தாண்டினால் வரி ஏறிவிடும், அதனால் சின்ன இன்ஜின்தான் போடுவார்கள் என்கிறார் இன்னொருவர். பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் மலைக்கு ஆகாது, பாதி வழியில் பேட்டரி தீர்ந்துவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். பெட்ரோல் வண்டி ஏழு பேரை வைத்துக்கொண்டு ஏற்காடு ஏறுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், சேலம்

*

அன்புள்ள தம்பிக்கு,

டீசலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபோதே ரெனோ இங்கே டீசலை நிறுத்திவிட்டது. 2026 ஜனவரியில் காட்டிய புது டஸ்டரிலும் 1 லிட்டர் டர்போ பெட்ரோல், 1.3 லிட்டர் டர்போ பெட்ரோல், 1.8 லிட்டர் ஹைப்ரிட் இந்த மூன்றுதான். ஹைப்ரிட் 2026 தீபாவளியை ஒட்டி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று வரிசை வண்டி ஒன்றுக்காக மட்டும் ஒரு டீசலை இன்றைய புகை விதிகளுக்கு ஏற்றபடி மாற்றி எடுப்பது எந்தக் கம்பெனிக்கும் கட்டுபடியாகாது. உங்களுக்கும் அது தோதுப்படாது என்றே நினைக்கிறேன். வாரநாளெல்லாம் பள்ளிக்கூடம், கடைவீதி, ஐந்து ரோடு நெரிசல் என்று நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம்தானே இருக்கும்? இன்றைய டீசலில் உள்ள புகை வடிகட்டி சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓடவேண்டும். டவுனுக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும். டீசல்தான் வேண்டும் என்றால் டாடா சஃபாரியிலும் மஹிந்திரா 7எக்ஸ்ஓவிலும் இருக்கிறது. ஹூண்டாய் அல்கஸாரில்கூட 1.5 லிட்டர் டீசல் உண்டு. அவற்றைப் போய்ப் பாருங்கள், இதற்குக் காத்திருக்க வேண்டாம்.

வரி பற்றிச் சொன்னவர் பழைய கணக்கில் இருக்கிறார். முன்பு 4 மீட்டர் நீளம், 1,500 சிசி, 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி, இந்த மூன்றையும் தாண்டிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம். 1,500-க்குள் நின்றால் 45. இந்த அளவு ஹைப்ரிட்டுக்கு 43. அதனால்தான் 1.5 என்ற எண்ணைச் சுற்றியே எல்லோரும் இன்ஜின் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு செஸ் போய்விட்டது. 4 மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் எல்லாவற்றுக்கும் 40 சதவீதம்தான். மூன்று வரிசை வண்டி எப்படியும் 4 மீட்டரைத் தாண்டும். அப்புறம் 1.3 போட்டாலும் 1.8 போட்டாலும் வரி ஒன்றே. ஹைப்ரிட்டுக்கு முன்பிருந்த சலுகையும் இதில் கரைந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, மலைக்கு வருவோம். உங்கள் கேள்வியே அதுதான்.

சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டிக்குச் சோதனை நேர்ச்சாலையில் வருவதில்லை. மேலிருந்து பஸ் இறங்கும், வளைவு முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கீழேயே நிறுத்தி வழிவிடுவீர்கள். பஸ் போனதும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி, ஏழு பேரோடு, ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, நின்ற இடத்திலிருந்து வண்டி எழும்பவேண்டும். பின்னால் இன்னொரு கார் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாலைந்து நொடியில் என்ன இழுவை கிடைக்கிறது என்பதுதான் விஷயம். குதிரைத்திறன் எத்தனை என்பது அப்புறம். உங்கள் 110 குதிரைத்திறன் டீசலில், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ விழிப்பதே இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றை ஒட்டி வரும்போதுதான். இரண்டாம் கியரில் வளைவை எடுத்தால் திணறும், முதல் கியருக்கு இறங்கியாக வேண்டும். இதை நீங்களே ஒவ்வொரு தடவையும் காலில் உணர்ந்திருப்பீர்கள்.

உங்கள் டீசலின் உச்ச இழுவை சுமார் 245 நியூட்டன் மீட்டர். புது 1.3 டர்போ பெட்ரோலுக்கு ரெனோ சொல்வது 280. ஆகவே 'பெட்ரோல் ஏறுமா' என்ற பயம் வேண்டாம், ஏறும். மேலே காற்று மெலிவதும் டர்போவை அவ்வளவாகத் தொடாது. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ காற்றை அழுத்தித் தருவதால் சமாளித்துக்கொள்ளும். ஆனால் பெட்ரோலை அது குடிப்பதைப் பார்க்க மனம் வேண்டும். முழு லோடில் ஏறும்போது மைலேஜ் ஒற்றை இலக்கம்தான். போதாததற்கு இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது.

ஹைப்ரிட் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி 1,600 கிலோ, ஆளும் சாமானும் 550 என்று வையுங்கள். 2,150 கிலோவை 1,200 மீட்டருக்கு மேல் தூக்குகிற வேலை, நம் கரண்ட் பில் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 7 யூனிட். அந்த ஹைப்ரிட்டின் பேட்டரி 1.4 யூனிட்தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதனால் தூக்க முடியாது. மெக்கானிக் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். இந்த 7 யூனிட்டும் ஏறக்குறைய 40 நிமிடத்தில் செலவாகிறது. டயர் உராய்வு, ஏசி எல்லாம் சேர்த்தாலும் சராசரியாகத் தேவைப்படுவது 20, 22 குதிரைத்திறன்தான். 1.8 இன்ஜினால் நூற்றுக்கு மேல் தரமுடியும். ஆகவே அது ஏறிக்கொண்டே பேட்டரிக்கும் ஊட்டும். பேட்டரியின் வேலை வளைவுக்கு வளைவு அந்த நாலைந்து நொடிக்குக் கைகொடுப்பது மட்டும்தான். அதற்கு 1.4 யூனிட் தாராளம். ரெனோவின் ஹைப்ரிட் எப்போதும் மோட்டாரில்தான் நகரத் தொடங்கும். மின்மோட்டார் முதல் சுற்றிலேயே முழு இழுவையையும் தரும். கிளட்சே கிடையாது, எனவே கருகும் வாடையும் கிடையாது. குறை என்னவென்றால், ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் போட்டு ஓடும். கடைசி வரிசையில் அத்தை அதைக் கேட்பார்.

இறக்கத்தில் கவனம் வேண்டும். இறங்கும்போது மோட்டார் பிடித்து பேட்டரி ஏறும். ஆனால் மலையில் பாதி தாண்டுவதற்குள் அது நிறைந்துவிடும். அதற்கப்புறம் இன்ஜின் பிடிப்பும் பிரேக்கும்தான். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரி டிரைவர்கள் சொல்வதன் சாரம் இந்த வண்டிக்கும் பொருந்தும்: பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

என் கணிப்பு இது: மூன்று வரிசையில் 1.3 டர்போ நிச்சயம், ஹைப்ரிட் பெரும்பாலும். 1 லிட்டரைப் போட மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதன் சுமார் 160 நியூட்டன் மீட்டர் இழுவையை நம்பி ஏழு பேரை மலையேற்றக் கூடாது. விலை குறைவு என்று அதைக் கொண்டுவந்தாலும் நீங்கள் தொடாதீர்கள். உங்கள் டவுன் ஓட்டத்துக்கும் மலைக்கும் சேர்த்து நான் ஹைப்ரிட்டைத்தான் சொல்வேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது என்றால் கூடுதல் விலையை எரிபொருளில் மீட்க வருடக்கணக்காகும். அப்போது 1.3 மேனுவல் போதும். இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் அதன் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் எண்ணெயில் நனைந்த வகை என்பதால் சூட்டைத் தாங்கும். ஆனாலும் மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகிற ஊருக்கு மேனுவலே நிம்மதி.

வண்டி ஷோரூமுக்கு வந்ததும் முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வெற்று எடையும் அனுமதித்த மொத்த எடையும் என்னவென்று கேளுங்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலே ஏழு பேர் 455 கிலோ. இரண்டுக்கும் இடைவெளி 550 கிலோவாவது இல்லையென்றால் மிளகு மூட்டைக்கு இடமில்லை. அப்புறம், டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் மட்டும் போய் ஜங்ஷன் வரை ஓட்டிவிட்டு வராதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக மேலே போங்கள். ஒரு வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி எடுங்கள்.

அன்புடன்.